நூற்றுக்கு 99 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். அப்புறம் ஏன் நாலில் ஒரு பிள்ளை வளர்த்தி குறைவு?

கணக்குப்பிள்ளை

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டு அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவம் 99.6 சதவீதம். இதற்கு மேல் ஏற்ற இடமே இல்லை. சந்தோஷமாக அடுத்த பக்கத்துக்குப் போனால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 சதவீதம். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 14.6. கர்ப்பிணிகளில் ரத்தசோகை 48.3. முந்தைய சுற்றில் (2015-16) இது 44.4, அதாவது குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் ரத்தசோகையும் 50.7இல் இருந்து 57.4க்கு ஏறியிருக்கிறது.

இந்தியா முழுமைக்கும் உயரக் குறைவு 35.5 என்பதால் நாம் எவ்வளவோ தேவலை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நம்மிடம் அங்கன்வாடி இருக்கிறது, கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி இருக்கிறது, சத்துமாவு இருக்கிறது, வளைகாப்பைக்கூட அரசே நடத்துகிறது. இவ்வளவுக்கும் பிறகு நாலில் ஒன்று ஏன்? களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள். அரசியல் வேண்டாம், அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

வைகைக்கரை

இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? என் அப்பா ஐந்தடி மூன்று அங்குலம், நான் ஐந்தடி நாலு. பிள்ளை மட்டும் ஆறடி வளருமா? வெள்ளைக்காரன் அளவுகோலை வைத்து நம் பிள்ளைகளை அளந்தால் குட்டையாகத்தான் தெரியும். எங்கள் காலத்தில் எடை பார்த்தது யார்? ஓடி ஆடிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம்.

குட்டீஸ்_டாக்டர்

வைகைக்கரை சார், இந்தக் கேள்வியை வாரம் ஒரு தாத்தாவாவது என்னிடம் கேட்கிறார். அதனால் பதில் தயாராகவே இருக்கிறது.

இப்போது நாம் பயன்படுத்தும் அளவுகோல் வெள்ளைக்காரனுடையது அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து செய்தார்கள். இந்தியாவில் எடுத்தது டெல்லியில். புகை பிடிக்காத தாய், தாய்ப்பால், ஓரளவு வசதியான வீடு, தடுப்பூசி, சுத்தமான தண்ணீர். இவை கிடைத்த பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வயது வரை அந்த டெல்லிப் பிள்ளைகளும் ஓஸ்லோ பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்தான் உயர்ந்தார்கள்.

இந்த அளவுகோல் இந்தியாவுக்கு அப்படியே பொருந்துமா என்று வாதாடும் ஆய்வாளர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. அப்பா அம்மாவின் உயரத்துக்குப் பங்கு உண்டு என்பதும் சரி. ஆனால் அம்மா ஏன் குட்டை? அவள் பிறக்கும்போது 2 கிலோ, அவளுடைய அம்மா 17 வயதில் பிள்ளை பெற்றவள். ஜீன் என்று நாம் கைகாட்டுவதில் பாதி, பாட்டியின் தட்டில் என்ன இருந்தது என்பதுதான்.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு சின்னக் குறிப்பு. அந்தக் கணக்கெடுப்பில் ரத்தசோகையை விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டில் பார்த்தார்கள். நரம்பில் எடுத்த ரத்தத்தில் பார்த்தால் சதவீதம் கொஞ்சம் குறையும் என்ற விவாதம் உண்டு. குறைந்தாலும் என் ஓபியில் நான் பார்ப்பது மாறப்போவதில்லை.

சைக்கிள்_நர்சம்மா

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் சைக்கிள், பிறகு டிவிஎஸ் 50. எண்கள் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, வீடுகள் பற்றிச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளைச் சரிசெய்ய வண்டி, படுக்கை, டாக்டர், ரத்தம் எல்லாம் வைத்தோம். தாய் சாகாமல் காப்பாற்றினோம், அது சின்ன விஷயமே இல்லை. ஆனால் பிள்ளையின் வளர்த்தி அந்த ஒரு நாளில் இல்லை. வயிற்றில் 270 நாள், வெளியே வந்து இரண்டு வருஷம், ஆக மொத்தம் ஆயிரம் நாள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி அடுப்படியில் நடக்கிறது. அங்கே அரசாங்கத்துக்கு நாற்காலி கிடையாது.

ஒரு வீடு சொல்கிறேன். ஏழாம் மாசம். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் போனேன். மாமனார், புருஷன், கொழுந்தன் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். மாமியார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அப்போதுதான் தட்டை எடுத்து உட்கார்ந்தாள். அடிச்சோறு, அதன் மேல் குழம்பு. குழம்பில் மீன் வாசம் இருந்தது, மீன் இல்லை. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான், எனக்கு மோர் கொடுத்துதான் அனுப்பினார்கள். கடைசியில் சாப்பிடுகிறவளுக்குக் கடைசியில் இருப்பதுதான் மிஞ்சும், அவ்வளவுதான். எடை பார்த்தேன். போன மாசம் இருந்ததே இருந்தது, கால் கிலோகூட ஏறவில்லை.

அப்புறம் மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு ரிஜிஸ்டரில் டிக் அடித்தால் எங்கள் வேலை முடிந்தது என்று மேலே நினைப்பார்கள். நான் போகிற வீடுகளில் அலமாரி மேல்தட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பேன். அட்டை அட்டையாக அங்கே இருக்கும். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல், எல்லாவற்றுக்கும் மேல் "மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்குமாமே". இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். குங்குமப்பூ டப்பா பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, "நிறையத் தின்னால் பிள்ளை பெருத்துப்போகும், கத்தி வைக்க வேண்டி வரும்". ஆபரேஷனுக்குப் பயந்து வேண்டுமென்றே கொஞ்சமாகச் சாப்பிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 100க்கு 45 பிரசவம் ஆபரேஷனாக இருக்கும்போது அந்தப் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியவில்லை.

புது_அப்பா_ஆகப்போறேன்

நர்சம்மா, நீங்கள் சொன்ன அலமாரி மேல்தட்டு எங்கள் வீட்டிலும் இருக்கிறது 😟. மனைவிக்கு ஆறாம் மாதம். ஹெச்.பி (ஹீமோகுளோபின்) 9.2. மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது என்று பத்து நாளாக நிறுத்திவிட்டாள். காலையில் காபி குடித்ததும் போடுவாள். மாதுளை ஜூஸும் பீட்ரூட்டும் தினமும் கொடுக்கிறேன். போதாதா?

சைக்கிள்_நர்சம்மா

தம்பி, போதாது. மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல சாப்பாடுதான், ஆனால் நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறிவிடாது. 11க்குக் கீழே போனாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகைக் கணக்கு. 7க்குக் கீழே என்றால் ஆபத்துக் கணக்கு. 9.2 நடுவில் இருக்கிறது, இப்போது பிடித்தால் ஏற்றிவிடலாம்.

காபியோடு மாத்திரை போடுவது வீண். காபி, டீ இரண்டுமே இரும்பை உடம்பில் ஏற விடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், அதையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. பகலில் அது, ராத்திரியில் இது. ராத்திரி சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் போடச் சொல்லுங்கள், குமட்டல் தூக்கத்தில் போய்விடும். எலுமிச்சைச் சாறு கால் டம்ளர் அல்லது ஒரு நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. மலம் கறுப்பாகத்தான் போகும், அது மாத்திரை நிறம், பயப்பட வேண்டாம்.

சாதாரணமாகத் தினம் ஒரு மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பு, 180 நாள். 9.2க்குப் பெரும்பாலும் இரண்டாக்குவார்கள். அதை நீங்களாகச் செய்யாதீர்கள், இந்த வாரமே போய்க் காட்டுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டிரிப்ஸில் இரும்பு ஏற்றுவார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். பூச்சி இருந்தால் நீங்கள் கொடுப்பதில் பாதியை அது குடித்துவிடும்.

மாத்திரையை நீங்கள் கையில் எடுத்துக் கொடுங்கள். "போட்டாயா?" என்று கேட்பது வேறு, தண்ணீரோடு நிற்பது வேறு.

குட்டீஸ்_டாக்டர்

நர்சம்மா சொன்னதற்கு மேல் எனக்கு அதிகம் இல்லை. பிள்ளை பக்கம் மட்டும் ஒரு காரணம். கடைசி மூன்று மாதத்தில்தான் வயிற்றுப்பிள்ளை தன் கல்லீரலில் இரும்பைச் சேர்த்துவைக்கிறது. பிறந்து முதல் ஆறு மாதத்துக்கு அந்தச் சேமிப்பில்தான் வண்டி ஓடும், ஏனென்றால் தாய்ப்பாலில் இரும்பு மிகக் கொஞ்சம். தாய்க்கே இல்லாதபோது பிள்ளைக்குச் சேமிப்பு எங்கிருந்து வரும்? நாலாம் மாசமே பிள்ளை வெளிறத் தொடங்கும். பசி எடுக்காது, சாப்பிடாது, எடை நிற்கும். கணக்குப்பிள்ளை சொன்ன 48உம் 57உம் இரண்டு தனி எண்கள் இல்லை.

பிரசவம் ஆனதும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிஷமாவது, முடிந்தால் மூன்று நிமிஷம் வரை, பொறுத்து வெட்டினால் பிள்ளைக்குக் கூடுதல் ரத்தம் போகும். செலவில்லாத வைத்தியம். பிரசவ அறையில் கேட்டுப் பாருங்கள் தம்பி, கேட்பதில் தப்பில்லை.

வைகைக்கரை

எல்லாம் சரி. அரசாங்கம் கொடுக்கிற 18,000ஐ எத்தனை பேர் சாப்பாட்டுக்குச் செலவழிக்கிறார்கள்? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்தப் பணத்தில் பிள்ளைக்குத் தங்கக் காப்பு வாங்கிப் பேர் சூட்டினார்கள். சத்துமாவு மாட்டுத் தவிட்டோடு கலக்கிறது. பெட்டகத்தில் வரும் நெய் மாமனார் பொங்கலுக்கு. காசு கொடுத்தால் சத்து வந்துவிடுமா?

கணக்குப்பிள்ளை

அந்தத் தொகையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1987இல் சின்னத் தொகையாகத் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000. அதில் 14,000 பணம், 4,000 மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையால்தான் பெண்கள் சீக்கிரமே வந்து பதிகிறார்கள். தங்கக் காப்பு வாங்கினார்களே என்று சிரிக்கலாம். ஆனால் மூன்றாம் மாதம் பதிந்ததால் அந்தப் பெண்ணுக்கு ஹெச்.பி பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். பணம் எங்கே போனாலும் அந்தப் பரிசோதனை நடந்துவிட்டது.

சைக்கிள்_நர்சம்மா

வைகைக்கரை அண்ணே, மாடு தின்றதை நானும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டீர்களா? மாவு கசக்கிறது, கூழாகக் கிண்டினால் தொண்டையில் இறங்கவில்லை என்பார்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கு நாளைக்கு 165 கிராம் கணக்கில் கொடுப்பார்கள், அது கொஞ்சம் இல்லை. ஒரே கூழாகத் தினமும் குடி என்றால் யார் குடிப்பார்கள்? நான் அதில் அடை தட்டிக் காட்டினேன். கருப்பட்டியும் எள்ளும் போட்டு உருண்டை பிடித்தால் மாமனாரும் கேட்பார், அப்போது பங்கு போகும், அது வேறு சண்டை 😀. கொழுக்கட்டை, புட்டு, தோசை மாவில் ஒரு கைப்பிடி. மாவு கொடுத்த அரசாங்கத்துக்கு, அதை என்ன செய்வது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. அதுதான் குறை.

மதுரக்காரி_77

ஆள் போதவில்லை என்ற பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று வந்தது. மதுரை மாவட்டத்தில்தான் முதலில். என் அம்மா அதில் சமூக ஊட்டச்சத்துப் பணியாளர்.

மாசா மாசம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகள் எல்லாரையும் எடை போட வேண்டும். நிலைப்படியில் தொங்குதராசைக் கட்டி, துணித் தொட்டிலில் பிள்ளையைப் போட்டு, அது வீறிட, அம்மா எண்ணைச் சத்தமாகச் சொல்ல, நான் நோட்டில் எழுதுவேன். அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு மேலே போனால் பிள்ளைக்கு ஒன்றும் தர மாட்டார்கள், தாய்க்குப் புத்திமதி மட்டும். கோடு படுத்தால், அல்லது இறங்கினால், அந்தப் பிள்ளைக்கு 90 நாள் லட்டு. எடை தேறினால் லட்டு நின்றுவிடும்.

இதில் எங்கள் தெருவில் பெரிய ரகளை. "அவ பிள்ளைக்கு லட்டு, என் பிள்ளைக்குக் கிடையாதா? ரெண்டு பேர் வீட்டிலும் கூரைதானே?" என்று அம்மாவிடம் சண்டைக்கு வருவார்கள். அம்மா அட்டையைத் தரையில் விரித்துவைத்து, கோட்டைக் காட்டி விளக்குவார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட நாலு மாசத்தில் அந்தக் கோட்டைப் படிக்கப் பழகிவிட்டார்கள். "மேகலா கோடு படுத்திருச்சுக்கா" என்று அவர்களே வந்து சொல்வார்கள். இன்றைக்கு எடை செல்போனில் ஏறுகிறது. தாய்க்கு அந்தக் கோடு தெரிகிறதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மாமியார்_கட்சி

எல்லா இழையிலும் கடைசியில் மாமியார் தலையில்தான் விடிகிறது, அதனால் நானே வந்துவிட்டேன்.

நர்சம்மா சொன்ன அந்த வீட்டில் மாமியார் வெற்றிலை போட்டாராம். அவர் எப்போது சாப்பிட்டார் என்று கேட்டீர்களா அம்மா? நானும் முப்பது வருஷம் கடைசியில்தான் சாப்பிட்டேன். மீன் எவ்வளவு வாங்குவது என்பதை முடிவு செய்கிறவர் மாமனார். அரைக்கிலோ மீனை ஐந்து பேருக்குப் பங்கு வைத்துப் பாருங்கள், குழம்பில் வாசம்தான் வரும்.

என் மருமகள் உண்டானபோது கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்துச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி, மிளகு தட்டிப் போட்டு வறுத்து வைத்தேன். வாசம் பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டாள். எனக்குக் கோபம்தான். அப்புறம் முருங்கைக்கீரையை உருவி, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவைத்து அரைத்த அடையில் வெங்காயத்தோடு கலந்து சுட்டேன். கீரை இருப்பதே தெரியாமல் மூன்று தின்றாள். நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடித்துப் பொடியாக்கிச் சோற்றில் போட்டேன், அதுவும் போனது. காலையில் வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு ஓடுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. டிபன் பாக்ஸில் இரண்டு அவித்த முட்டையை வைத்து அனுப்பினேன். பிள்ளை 3.1 கிலோ.

மாமியாரைத் திட்டாதீர்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிகள் கூட்டம் என்று கர்ப்பிணியை மட்டும் கூப்பிட்டு அடுப்படிச் சட்டம் பேசினால் யார் வீட்டில் மாறும்?

சைக்கிள்_நர்சம்மா

இதைத்தான் நான் பத்து வருஷம் மீட்டிங்கில் சொன்னேன் அக்கா. நான் மாமியாரிடமே மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு வருவேன். "உங்க பேரப்பிள்ளை உங்க பொறுப்பு" என்று சொன்னால் போதும், ஒருநாள் தவறாது.

குட்டீஸ்_டாக்டர்

மாமியார்_கட்சிக்கு முழு ஓட்டு. ஒரே எச்சரிக்கை: ஈரலை முதல் மூன்று மாதத்தில் அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். சுவரொட்டி வேறு, ஈரல் வேறு என்பது உங்களுக்குத் தெரியும், படிக்கிற இளசுகளுக்காகச் சொல்கிறேன்.

"இரண்டு பேருக்காகச் சாப்பிடு" என்பதும் முழுக்கச் சரியில்லை. கர்ப்பத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்கு 350 கலோரி அளவுதான் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. இரண்டு அடையும் ஒரு டம்ளர் பாலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட வேண்டியது சோறு இல்லை. பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம். பால் கொடுக்கும்போதுதான் பசி நிஜமாகவே கூடும், முதல் ஆறு மாதம் 600 கலோரி. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். வயிற்றில் இருக்கும்போது விழுந்து விழுந்து கவனிப்பார்கள், பெற்றதும் பத்தியம் என்று பூண்டும் பழைய புளியும் ரசமும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதிக எடை. ஒல்லியானவர்கள் 12.6தான். ஒல்லியான அம்மா, குண்டான அம்மா இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், இருவருக்கும் ரத்தசோகை! குண்டாக இருப்பவருக்குக் கர்ப்பச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா பல வருஷம் இதற்காகப் போராடினார். சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களே, அது அவர் எளிமையாக்கிக் கொடுத்த முறைதான். 75 கிராம் குளுக்கோஸ், 140ஐத் தொட்டாலே கர்ப்பச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை என்பதுதான் அதில் விசேஷம். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வருகிற பெண்ணைப் பட்டினியோடு வா என்று சொன்னால் வர மாட்டாள்.

அதனால் "நன்றாகச் சாப்பிடு" என்று எல்லாருக்கும் ஒரே வசனம் பேச முடியாது. சரியான எடையுள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் 10 முதல் 12 கிலோ ஏறலாம். ஒல்லிக்கு இன்னும் கொஞ்சம், குண்டுக்குக் குறைவு.

பனியன்_கம்பெனி

எல்லாரும் அடுப்படி பற்றிப் பேசுகிறீர்கள். நான் திருப்பூரில் செக்கிங் பிரிவில் இருந்தவள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே. ஆர்டர் இருந்தால் பன்னிரண்டு. ஏழாம் மாசம் வரை போனேன். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். இ.எஸ்.ஐ (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் அதுவே கொடுக்கும். எனக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ பிடித்தார்கள், கட்டவில்லை என்று பிரசவத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. கம்பெனி பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மூன்றாம் மாசம் பிள்ளையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். புட்டிப்பால். டப்பா விலை பார்த்து அம்மா தண்ணீர் கொஞ்சம் கூடவே ஊற்றியிருக்கிறார். வயிற்றுப்போக்கு இரண்டு தடவை. பிறக்கும்போது 2.9 இருந்த பிள்ளை ஆறாம் மாசம் 5.4தான்.

தாய்ப்பால் கொடு என்று பஸ் ஸ்டாண்டில் போர்டு வைக்கிறார்கள். எனக்குப் பால் இருந்தது. மத்தியானம் கட்டிக்கொண்டு வலிக்கும், பாத்ரூமில் போய்ப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவேன்.

குட்டீஸ்_டாக்டர்

பனியன்_கம்பெனி அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் கொஞ்ச நேரம் வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். பீய்ச்சிய பாலைச் சுத்தமான மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வெளியே நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு நாள் வரை வைக்கலாம். புட்டி வேண்டாம், பாலாடையில் (சங்கு போன்ற சின்னக் கிண்ணம்) கொடுக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017இல் இருந்தே சட்டம். காப்பகம் இருக்கிறதா என்று வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள். இ.எஸ்.ஐ கட்டுகிறார்களா என்பதை உங்கள் எண்ணை வைத்து நீங்களே பார்க்கலாம், கம்பெனி சொல்வதை நம்பி இருக்க வேண்டாம்.

மட்டு_வாவி

வணக்கம், மட்டக்களப்பில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் கொஞ்சம் வித்தியாசம், அதுதான் சொல்லலாம் என்று வந்தன்.

இங்க கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் இரண்டு பைக்கற் திரிபோஷ கிளினிக்கில தருவினம், ஒன்று 750 கிராம். 1973இல இருந்து வருது. சோளம், சோயா, பால்மா சேர்ந்த மா. குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் அம்மா என்றுதான் கூப்பிடுவம், வீட்டுக்கே வந்து பிள்ளையையும் தாயையும் பார்ப்பா. தாய்ப்பால் மட்டும் குடுக்கிறதில இலங்கை நல்ல இடத்தில நிக்குது. 2016 கணக்கில 82 வீதம். தமிழ்நாட்டுக்கு எவ்வளவு?

ஆனால் பாருங்கோ, இவ்வளவும் இருந்தும் அதே கணக்கில பிறப்பு நிறை குறைஞ்ச பிள்ளையள் நூற்றுக்குப் பதினைஞ்சு பதினாறு. மெலிவு 15 வீதம், உங்களைப் போலத்தான். திரிபோஷ பைக்கற் வந்தால் வீட்டில எல்லாரும் சீனி, தேங்காய்ப்பூ போட்டுக் குழைச்சுச் சாப்பிடுவினம். எனக்கும் சின்னனில அம்மாட பங்கில இருந்துதான் கிடைச்சது 🙂. 2022 நெருக்கடியில திரிபோஷவே இல்லாமல் போச்சு. மீன் விலை ஏறி, வாவிக்கரையில இருந்த எங்களுக்கே மீன் வாங்கேலாத நிலை. அப்ப விளங்கினது, மா குடுக்கிறது மட்டும் காணாது, வீட்டில எல்லாருக்கும் வயிறு நிரம்ப இருந்தால்தான் தாயின்ர பங்கு தாய்க்குப் போய்ச் சேரும்.

கணக்குப்பிள்ளை

நான் முதலில் சொன்ன கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது 55.1 சதவீதம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பது 60.2. ஆஸ்பத்திரியில் 99.6 சதவீதம் பிறக்கிறது, நர்ஸ் பக்கத்திலேயே நிற்கிறார், அப்படியும் நாற்பது பேருக்கு முதல் மணி நேரத்தில் பால் இல்லை! ஆபரேஷன் முடிந்து தாய் மயக்கத்தில் இருக்கும்போது பிள்ளை யார் கையில் இருக்கிறது?

சைக்கிள்_நர்சம்மா

பாட்டி கையில். பாட்டி சேனை வைப்பார், தேனோ சர்க்கரைத் தண்ணியோ. "நல்ல கைராசிக்காரர் வைக்க வேண்டும்" என்று ஊரில் இருந்து ஒருவரை வரவழைத்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. ஆபரேஷன் ஆனாலும் தாய் வார்டுக்கு வந்ததும் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கொடுக்க முடியும். கொஞ்சம் கை பிடித்து உதவ ஆள் வேண்டும், அவ்வளவுதான். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பழைய பால் என்று பீய்ச்சி ஊற்றியது ஒரு காலம், அது இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. அந்த ஒன்றில் ஜெயித்தோம்.

நெறியாளர்

சேனை வைப்பது நம் மரபு, அதைக் கேலி செய்யக் கூடாது என்று வந்த ஏழு பதிவுகளை "பாட்டி வைத்தியம்" பிரிவுக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே பொருளோடு பேசுங்கள்.

புது_அப்பா_ஆகப்போறேன்

டாக்டரிடம் போய்வந்தோம். நர்சம்மா சொன்னபடியே இரண்டு மாத்திரையாக்கினார்கள், பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். ராத்திரி போடுவதால் வாந்தி இல்லை. ஒரு மாதம் கழித்து ஹெச்.பி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவாள், அங்கே பத்தியம் கடுமையாக இருக்கும் என்று இப்போதே பயப்படுகிறாள். எதை விடுவது, எதைச் சாப்பிடுவது?

சைக்கிள்_நர்சம்மா

நல்லது தம்பி. பத்தியத்தில் எல்லாமே கெட்டது இல்லை. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கருவாடு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம் இருக்கட்டும். "தண்ணீர் குடிக்காதே, வயிறு போடும்", "கீரை ஆகாது, பிள்ளைக்கு மாந்தம்", "பழம் ஆகாது, சளி", "ராத்திரி சாப்பாடு வேண்டாம்" இந்த நாலையும் விட்டுவிடச் சொல்லுங்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் பிய்த்துக்கொண்டு போகும். மாமியாரிடம் சண்டை போடாமல், நர்ஸ் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். இரும்பு மாத்திரை பெற்ற பிறகும் 180 நாள் உண்டு, எல்லாரும் அங்கேதான் நிறுத்துவார்கள். அடுத்த பிள்ளைக்கு மூன்று வருஷமாவது போகட்டும், அதற்கு என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன்பே இரண்டு பேருமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை

உயரம் வம்சம்தான் என்று இன்னமும் சொல்வேன். ஆனால் ஒரு கேள்வி. பேத்திக்கு ஒன்பது மாசம் முடிகிறது, 6.8 கிலோ. பிறக்கும்போது 2.6. இதையும் வம்சம் என்று விடலாமா, காட்ட வேண்டுமா?

குட்டீஸ்_டாக்டர்

ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது சார். அட்டையில் ஆறு, ஏழு, எட்டாம் மாசம் என்ன இருக்கிறது? என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?

வைகைக்கரை

ஆறில் 6.6, ஏழில் 6.7, எட்டில் 6.8. இப்போதும் அதேதான். தாய்ப்பால், காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் பருப்புத் தண்ணி சாதம். வீட்டில் சைவம், முட்டை கிடையாது.

மதுரக்காரி_77

கோடு படுத்திருச்சு.

குட்டீஸ்_டாக்டர்

ஆமாம். ஆறாம் மாசம் வரை நன்றாக வந்த பிள்ளை, தாய்ப்பாலோடு சாப்பாடு சேர வேண்டிய நேரத்தில் நின்றிருக்கிறது. 6.8 என்ற எண் இன்னும் அபாயக் கோட்டுக்குக் கீழே போகவில்லை. ஆனால் மூன்று மாசத்தில் 200 கிராம் என்பது வம்சம் இல்லை.

கஞ்சியைக் கரண்டியைச் சாய்த்தால் ஓடாத கெட்டிக்குக் கொண்டுவாருங்கள். பருப்புத் தண்ணி வேண்டாம், பருப்பையே மசித்துப் போடுங்கள். ஒவ்வொரு வேளையும் ஒரு டீஸ்பூன் நெய் அல்லது நல்லெண்ணெய். ஒன்பது மாசத்தில் இரண்டு வேளை போதாது, மூன்று நாலு வேளை, நடுவில் மசித்த வாழைப்பழமோ சர்க்கரைவள்ளிக் கிழங்கோ. சைவம் என்றால் தயிர், பனீர், முளைகட்டிய பயறு வேகவைத்து மசித்தது, வறுத்து நைசாகப் பொடித்த கடலை, கீரை. ஆறு மாசத்தில் இருந்து வாரம் இரண்டு நாள் இரும்பு சிரப் ஒரு மில்லி கொடுக்க வேண்டும், செவிலியரிடம் கேட்டால் கிடைக்கும்.

இந்த வாரமே காட்டுங்கள். ஹெச்.பியும், சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மருமகளுடைய ஹெச்.பியையும் சேர்த்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வைகைக்கரை

பார்க்கவில்லைதான். வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன். பனீர் என்றால் கடையில் விற்பதா, வீட்டில் பாலைத் திரித்து எடுத்தால் போதுமா?

குட்டீஸ்_டாக்டர்

வீட்டில் திரித்தது போதும். உப்பு போடாதீர்கள்.